பத்துச் சக்கர் பாக்கி

ஓட்டப்பந்தயத்தில் குறைவாக ஓடி ஊரை ஏமாற்றியவர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதிகமாக ஓடி ஏமாந்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். இதைப் பெருமையாகச் சொல்கிறேனா, வெட்கத்தோடு சொல்கிறேனா என்பது இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை. நான் சொல்லாவிட்டால் என் மருமகன் சொல்லிவிடுவார். அவர் சொல்லும்போது நான் ஓடிய தூரம் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறது (போன பொங்கலன்று பதினைந்து மைல் ஆகிவிட்டது). அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில், ஒரு ஆவணி மாதம், நான் போர்ட் பிளேருக்கு வந்து சேர்ந்தேன். ஹேடோ துறையில் டேலி கிளார்க் வேலை. மெயின்லேண்டிலிருந்து வரும் கப்பலில் மூட்டை இறங்கும். நான் பக்கத்தில் நின்று எண்ணுவேன். நாலு மூட்டைக்கு நாலு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒரு கோடு. அரிசி வந்தாலும் சிமென்ட் வந்தாலும் என் கண்ணுக்குக் கோடுதான். பட்டப்படிப்பு படித்தவன் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள். அந்தப் பட்டப்படிப்பில் நான் வாங்கிய மார்க்குக்கு இதுவே அதிகம்.

வரும்போது இந்தி எனக்குச் சுத்தமாகத் தெரியாது. கும்பகோணம் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது? முதல் இந்தி வார்த்தையைக் கற்றது சென்னையிலிருந்து வந்த கப்பலில்தான். இரண்டாம் நாள் காலையில் கடல் குலுக்கிய குலுக்கலில் கீழ்த்தளத்தில் இருந்த அத்தனை பேரும் தலையைப் பிடித்துக்கொண்டு, “சக்கர் ஆ ரஹா ஹை, சக்கர் ஆ ரஹா ஹை” என்று முனகினார்கள். வங்காளி, தெலுங்கர், மலையாளி என்ற பேதமே இல்லை. வாளியோடு வந்த கப்பல் ஊழியர் என்னைப் பார்த்து, “சக்கர்?” என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பதில் வரவில்லை, காலையில் சாப்பிட்ட உப்புமா வந்தது. சக்கர் என்றால் தலைசுற்றல். நாலு நாள் இடைவிடாமல் நடந்த பாடம் இது. ஒரு வார்த்தையை இதைவிட ஆழமாக யாரும் படித்திருக்க முடியாது.

நான் கப்பலேறும்போது என் மனைவி கமலாவுக்கு நாலு மாதம். தை மாதம் அவள் பிறந்த வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. தேன்மொழி என்று மாமனார் பெயர் வைத்தார். (அவர் இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் முதல் வரிசையில் போனவர். நான் அந்தமானுக்குப் போகிறேன் என்றபோது, கடலைத் தாண்டுகிறேன் என்பதைவிட அங்கே எல்லோரும் இந்தி பேசுகிறார்கள் என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.) குழந்தையின் போட்டோ ஒன்று வந்தது. கன்னத்தில் கோலிக்குண்டு அளவுக்குத் திருஷ்டிப் பொட்டு. மீதி இடத்தில் கொஞ்சம் குழந்தை. அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணவில்லை.

இருவரையும் இங்கே அனுப்பிவையுங்கள் என்று மாமனாருக்கு எழுதினேன். அடுத்த கப்பலில் பதில் வந்தது. “மாப்பிள்ளை நேரில் வந்து அழைத்துப் போனால் அனுப்புகிறேன். தீவாந்தரத்துக்குத் தனியாக அனுப்ப என் பெண் என்ன தண்டனை பெற்றவளா?”

நேரில் எப்படிப் போவது? இரண்டு வருஷம் முடியாமல் மெயின்லேண்டுக்கு லீவு கிடையாது. மேலதிகாரியிடம் போய் நின்றேன். “குழந்தை எங்கேய்யா ஓடிப்போகப் போறது?” என்றார். ‘ஓடாது சார், ஆனா நடக்க ஆரம்பிச்சுடும்’ என்று சொல்ல வாய் வரை வந்தது. “சரி சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாரம்தான் நோட்டீஸ் போர்டில் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். அரசாங்க ஊழியர்களுக்கு அந்த வருஷம் மூன்று பந்தயங்கள். சித்திரையில் சாலை ஓட்டம், ஆவணியில் சைக்கிள் பந்தயம், ஐப்பசியில் மைதானத்தில் ஆறு மைல் ஓட்டம். கடைசி ஓட்டத்தில் முதல் மூன்று இடம் பெறுகிறவர்கள் சென்னையில் நடக்கும் போட்டிக்கு அனுப்பப்படுவார்கள். கப்பல் டிக்கெட், இருபது நாள் டூட்டி லீவு. நான் அதை நாலு தடவை படித்தேன். சென்னைக்குப் போய் ஓடுகிறேனோ இல்லையோ, எழும்பூரில் ரயிலேறி ஓடிவிடுவேன், திரும்பும்போது இரண்டு பேரோடு வருவேன்.

ஒரே ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. எனக்கு ஓட வராது. என் உடம்பு ஓடுவதற்கென்று செய்யப்பட்டதல்ல. உட்காருவதற்கென்றுகூடச் சரியாகச் செய்யப்படவில்லை என்று என் அம்மா சொல்வாள். ஆனாலும், பழகிக்கொள்ள மூன்றுக்கும் பெயர் கொடுத்தேன்.

பயிற்சிக்குத் துணை அருளப்பன். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்து இங்கே வலை போட்டுக்கொண்டிருந்தவன். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் மரியாதைக்கு “அண்ணே” என்பான். காலையில் கரைக்கு வந்து மீனை இறக்கிவிட்டு என் பின்னாலேயே சைக்கிளில் வருவான். “அண்ணே, ஓடுதியளா நடக்கியளா? எனக்கு வித்தியாசம் தெரிய மாட்டேங்கு” என்று கேட்டுக்கொண்டே வருவான். போர்ட் பிளேர் ரோடுகள் ஒன்று ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். சமமான தரை என்று நான் அங்கே பார்த்தது கப்பல் மேல்தளம் மட்டும்தான்.

சித்திரை மாதச் சாலை ஓட்டத்தன்று, “குழந்தை குப்புற விழுந்துவிட்டாள்” என்று கமலாவின் கடிதம் வந்திருந்தது. நானும் விழுந்தேன், இரண்டாவது மைல் கல்லுக்குப் பக்கத்தில். எழுந்து ஓடி முடித்தபோது பந்தலைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆவணி மாதம், “தவழ்கிறாள்” என்று எழுதினாள். சௌல்தாரி வரை போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயத்தில், மழைச் சேற்றில், மேட்டில் நானும் கிட்டத்தட்டத் தவழ்ந்துதான் ஏறினேன். இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. சைக்கிள் ரோட்டை விட்டு இறங்கி ஒரு வங்காளிக் குடும்பத்தின் நெல்வயலுக்குள் பாய்ந்தது. அவர்கள் திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு கிண்ணம் பொரி கொடுத்து உட்காரவைத்தார்கள். (தின்றுவிட்டுப் போனதில் இரண்டு பேர் என்னைத் தாண்டிவிட்டார்கள். பொரி நன்றாக இருந்தது.)

ஐப்பசிக்கு முன்னால் வந்த கடிதத்தில் ஒரே வரி: “பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சீக்கிரம் வாங்க.”

அதற்குப் பிறகு நான் மனுஷனாகவே இல்லை. விடிந்தால் ஓட்டம், வேலை முடிந்தால் ஓட்டம். எண்ணெய்ப் பலகாரத்தை விட்டேன், வெற்றிலையை விட்டேன். கால் வீங்கினால் அருளப்பன் ஏதோ மீன் எண்ணெய் தேய்த்துவிடுவான். மறுநாள் துறைமுகத்துப் பூனைகள் எல்லாம் என் பின்னால் வரும். சத்தியமாகச் சொல்கிறேன், ஐப்பசி வந்தபோது ஆறு மைல் ஓடக்கூடியவனாக இருந்தேன். வேகமாகவும் ஓடினேன். அருளப்பனே சைக்கிளில் மூச்சு வாங்கினான்.

பந்தய நாள். கால் மைல் சுற்றளவுள்ள மைதானம்; இருபத்து நான்கு சுற்று. ஏழு பேர் ஓடினோம். ஒவ்வொருவருக்கும் சுற்றை எண்ண ஒரு ஆள். எனக்கு வாய்த்தவர் பிஸ்வாஸ் பாபு. ஸ்டோர்ஸில் வேலை, தங்கமான மனுஷன். அவருக்கு வங்காளமும் இந்தியும் தெரியும். எனக்குத் தமிழும், மூட்டை எண்ணுகிற அளவுக்கு இந்தியும். பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். கையில் ஒரு சீட்டும் வயலெட் காப்பியிங் பென்சிலும் வைத்துக்கொண்டு நின்றார்.

நான் என் சுற்றுகளை எண்ணவில்லை. நீங்கள் கேட்பீர்கள், எண்ணுவதே தொழிலாக உள்ளவன் ஏன் எண்ணவில்லை என்று. தொழில் என்பதால்தான்! ஒரு மூட்டையை இரண்டு பேர் எண்ணினால் அங்கே சண்டை வரும் என்பது துறைமுகத்தில் எனக்குப் பழகிய பாடம். எண்ணுவது அவர் வேலை, ஓடுவது என் வேலை. நான் ஒரு காலுக்குத் ‘தேன்’, மறு காலுக்கு ‘மொழி’ என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.

நாலாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. அந்தமான் மழைக்குத் தூறல் என்ற முன்னுரையெல்லாம் கிடையாது. எதிர்ப் பக்கம் ஓடுகிறவன் தெரியவில்லை. “போதும்டா சாமி” என்று இரண்டு பேர் விலகினார்கள். எண்ணுகிறவர்கள் எல்லோரும் தகரக் கொட்டகைக்கு ஓடினார்கள். நான் நிற்கவில்லை. தேன், மொழி, தேன், மொழி.

மழை விட்டதும் பிஸ்வாஸ் பாபு வெளியே வந்தார். கையில் சீட்டைப் பார்த்தார். காப்பியிங் பென்சில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? கோடெல்லாம் கரைந்து, சீட்டு முழுவதும் கத்தரிக்காய் நிறம். எல்லாச் சீட்டும் அப்படித்தான். அதனால் ஓடுகிறவர்களையே கேட்டுவிடுவது என்று பந்தயத்தை நடத்திய அதிகாரி உத்தரவு போட்டிருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, பிஸ்வாஸ் பாபு கவலையான முகத்தோடு என் பக்கத்தில் ஓடிவந்து கேட்டது மட்டும்தான்.

“ராம்லிங்கம் பாபு! கித்னா சக்கர் ஹுவா?”

கித்னா என்றால் எவ்வளவு. அது துறைமுகத்தில் தினம் கேட்கிற வார்த்தை. ஹுவா என்றால் ஆச்சு. சக்கர்தான் எனக்குக் கரைத்துக் குடித்த வார்த்தையாயிற்றே! ‘எவ்வளவு தலைசுற்றல் ஆச்சு?’ என்று கேட்கிறார்.

எனக்கு ரோஷம் வந்தது. இரண்டு பேர் விலகிவிட்டார்கள் என்பதற்காக நானும் விலகுவேன் என்று நினைத்துவிட்டாரா இந்த ஆள்? எத்தனை மூட்டை கிழிந்தது என்று யாராவது கேட்டால் நான் வழக்கமாகச் சொல்கிற பதில் ஒன்று உண்டு. நெஞ்சை நிமிர்த்தி அதையே சொன்னேன்.

“ஏக் பி நஹி!” ஒன்றுகூட இல்லை.

பிஸ்வாஸ் பாபு திகைத்துப் போனார். “ஏக் பி நஹி? பக்கா?”

“பக்கா!” என்றேன். அது தமிழிலும் பக்காதான்.

அவர் புதிய சீட்டு எடுத்து ஏதோ எழுதினார். நான் அப்போது பத்துச் சுற்று முடித்திருந்தேன். அவர் எழுதியது சைபர்.

சக்கர் என்றால் தலைசுற்றல் மட்டுமல்ல, மைதானத்தைச் சுற்றுகிற சுற்றும்தான் என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? கப்பலில் யாராவது சுற்றி ஓடினார்களா? “மழையில் ஒதுங்கியிருந்துவிட்டு இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறார், அதையும் மறைக்காமல் சொல்கிறாரே என்று நினைத்தேன். இப்படி ஒரு யோக்கியனை நான் பார்த்ததே இல்லை” என்று பிஸ்வாஸ் பாபு பிறகு எல்லோரிடமும் சொன்னார்.

நான் ஓடினேன் பாருங்கள், அப்படி ஓடினேன். ஒருவரை முந்தி மூன்றாவது இடத்துக்கு வந்தேன். முன்னால் ஒரு போலீஸ்காரரும் வனத்துறை ஆள் ஒருவரும் மட்டும்தான். போலீஸ்காரர் முடித்தார், கைதட்டினார்கள். வனத்துறை ஆள் முடித்தார், கைதட்டினார்கள். மூன்றாவதாக நான் கோட்டுக்கு வந்தேன். பிஸ்வாஸ் பாபு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

“அபி தஸ் சக்கர் பாக்கி ஹை!”

இன்னும் பத்துத் தலைசுற்றல் பாக்கியா! என்ன மனுஷன் இவர், விடவே மாட்டேன் என்கிறாரே! “நஹி, நஹி!” என்று கத்திவிட்டு, முடிந்தது என்று அவர் சொல்லும்வரை ஓடவேண்டியதுதானே என்று கோட்டைத் தாண்டி அதே வேகத்தில் ஓடிப்போனேன். என் பின்னால் வந்த மலையாளி எலக்ட்ரீஷியன் கோட்டில் நின்றார், மூன்றாவது என்று கைதட்டினார்கள். அதுவும் என் காதில் விழுந்தது. அவர் எனக்கு ஒரு சுற்று முன்னால் இருந்திருப்பார் போல, நமக்குத் தெரியாமல் போயிற்றே, பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு பெரிய மனசு எனக்கு.

அடுத்த சுற்றில் அருளப்பன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் ஓடிவந்தான். முகம் அழுகிற மாதிரி இருந்தது.

“அண்ணே, அந்தாள்கிட்ட என்ன சொன்னிய?”

“தலையே சுத்தலேன்னு சொன்னேன். ஏன்?”

“ஐயோ மாதாவே! சக்கர்னா ரவுண்டுண்ணே! எத்தனை ரவுண்டு ஆச்சுன்னு கேட்டிருக்கான். நீங்க ஒண்ணுகூட இல்லேன்னுட்டிய! அந்த மூணாவது எடம் ஒங்களோடதுண்ணே!”

கால் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கப்பல், எழும்பூர், ரயில், பிடித்துக்கொண்டு நிற்கிற குழந்தை, எல்லாம் போயிற்று. அருளப்பன் அதிகாரியிடம் போய்ச் சண்டை போட்டான். அவர் என்னையே ஓடிவரும்போது நிறுத்தாமல் கேட்டார்: “ஏக் பி நஹி என்று உங்கள் வாயால் சொன்னீர்களா, இல்லையா?” “சொன்னேன், சார்” என்றேன். “இனிமேல் நான் என்ன செய்ய? முடித்தால் பட்டியலில் கடைசியாக உங்கள் பெயர் இருக்கும். நின்றால் அதுவும் இல்லை.”

அருளப்பன், “வாங்கண்ணே, போவோம்” என்றான். நான் நிற்கவில்லை. கோபம் கோபமாக வந்தது; யார் மேல் என்றுதான் தெரியவில்லை. முதல் மூவரில் யாருக்காவது காய்ச்சல் வரும், நாலாவது ஆளுக்கும் வரும், என்னைக் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன் (நாலு பேருக்கும் நல்ல உடம்பு, பாவிகள்). அதைவிட, இத்தனை மாதம் ஓடிவிட்டு முடிக்காதவன் என்று என் பெண் பின்னால் கேள்விப்படக்கூடாது. அதற்காகவே ஓடினேன். பரிசு கொடுத்தார்கள், ஓடினேன். நாற்காலியை அடுக்கினார்கள், ஓடினேன். கடைசிச் சுற்றில் மைதானத்தில் இருந்தது அருளப்பனும், விஷயம் தெரிந்து தலையில் கைவைத்துக்கொண்டு நின்ற பிஸ்வாஸ் பாபுவும்தான். முப்பத்து நாலு சுற்று. கோட்டைத் தாண்டியதும் பிஸ்வாஸ் பாபு என்னைத் தாங்கிப் பிடித்தார். அப்போது வந்தது பாருங்கள், நிஜமான சக்கர்.

இதை அப்படியே கமலாவுக்கு எழுதினேன். எழுதியவன் தமிழில் எழுதியிருக்கவேண்டாமா? புதிதாக ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்துவிட்ட பவிசு, சும்மா இருக்குமா? “மழையில், யாருமில்லாத மைதானத்தில், முப்பத்து நாலு சக்கர். கடைசிவரை நிற்கவில்லை. உங்களைப் பார்க்கத்தான் இவ்வளவும். ஆனால் வரமுடியாமல் போயிற்று” என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டேன்.

அங்கே கடிதத்தைப் படித்த வீட்டில் சக்கர் யாருக்கும் புரியவில்லை. என் மாமனார், இந்தி ஒழிக என்று தொண்டை கட்டக் கத்தியவர், இருட்டும்வரை பொறுக்கமுடியாமல் பட்டப்பகலில் இந்தி வாத்தியார் வீட்டுக்கு, கொல்லைப்புற வழியாக, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். வாத்தியார் தீர யோசித்து, “தலைசுற்றல், மயக்கம்” என்று சொல்லியிருக்கிறார்.

மாப்பிள்ளை யாருமில்லாத மைதானத்தில், மழையில், முப்பத்து நாலு தடவை மயங்கி விழுந்திருக்கிறார்! பார்க்க ஆளில்லை! “நான் போறேன்” என்று கமலா பெட்டியைக் கட்டினாள். யாரும் தடுக்கவில்லை. நிக்கோபாரின் கேம்பல் பேயில் குடியேறப் போகும் பழைய ராணுவக்காரர் குடும்பம் ஒன்று அதே கப்பலில் வந்தது. அவர்கள் துணையோடு ஏற்றி அனுப்பினார்கள். எனக்குக் கிடைத்தது தந்தி மட்டும்தான்: கமலா குழந்தையுடன் புறப்பட்டாள், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

ஹேடோவில் கப்பல் கரை சேர்ந்தபோது என் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் படிக்கட்டின் கீழே நின்றேன். அருளப்பனும் பிஸ்வாஸ் பாபுவும் கூட வந்திருந்தார்கள். கமலா இடுப்பில் குழந்தையோடு இறங்கினாள். நாலு நாள் கடலில் முகம் வெளுத்துப் போயிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஓடி ஓடி நான் கல்லுக்குண்டு மாதிரி இருந்தேன்.

“மயக்கம் இப்ப எப்படி இருக்கு?” என்றாள். கண்ணில் தண்ணீர்.

பிஸ்வாஸ் பாபு கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். “பாபிஜி, மேரி கல்தி. சௌதீஸ் சக்கர்!” என்று அந்த முப்பத்து நாலுக்கும் மன்னிப்புக் கேட்டு, விரலால் காற்றில் பெரிய வட்டம் போட்டுக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று வட்டம். கமலா அந்த விரலையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“சுத்தினது தலையில்லியா?”

“மைதானம்” என்றேன்.

குவாட்டர்ஸ் வரும்வரை வண்டியில் அருளப்பன்தான் பேசினான். தேன்மொழியோ, என்னைப் பார்த்த மாத்திரத்தில் வீறிட்டவள், நிறுத்தவே இல்லை. சாயங்காலமும் அழுதாள். கப்பல் ஆட்டத்துக்குப் பழகிய குழந்தைக்கு ஆடாத தரை பிடிக்கவில்லை. கமலா எத்தனையோ செய்து பார்த்துவிட்டு, ஓய்ந்துபோய் வாசல்படியில் உட்கார்ந்தாள். “சும்மா கெடந்த மைதானத்தை முப்பத்து நாலு சுத்து சுத்தத் தெரிஞ்சுதில்ல? இவளைத் தூக்கிட்டுச் சுத்துங்க பார்ப்போம்” என்றாள்.

வாங்கிக்கொண்டேன். பயந்து பயந்துதான். முதல் சுற்றில் என் தோளைக் கடித்தாள். நாலாவது சுற்றில் அழுகை விசும்பலாயிற்று. குவாட்டர்ஸைச் சுற்றி வந்து வாசலைத் தாண்டும்போதெல்லாம் கமலா விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளுக்கே கண் சொருகிவிட்டது. குழந்தை என் கழுத்தில் முகத்தை வைத்துத் தூங்கிப்போனாள். அந்தச் சூடு என் சட்டைக்குள் இறங்கியது. பதினோரு மாதம். நான் நிற்கவில்லை.

கமலா திடுக்கிட்டு விழித்து, கையை நீட்டினாள். “தூங்கிட்டாளே! குடுங்க, போதும். எத்தனை சுத்து ஆச்சு?”

குழந்தையைக் கொடுக்க மனசு வரவில்லை.

“ஏக் பி நஹி” என்றேன்.

கதையை வண்டியில் வரும்போதே அருளப்பன் அவளுக்கு ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தான். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குவாட்டர்ஸ் கதவு திறந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் லட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற யாரையாவது எத்தனை தின்றாய் என்று கேட்டுப் பாருங்கள், வாய் நிறைய லட்டோடு இதே பதில்தான் வரும். தேன்மொழிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, சர்க்கரை வேறு இருக்கிறது. டாக்டரிடமும் அதையேதான் சொல்கிறாள்.